தட்டும் சில்லும்

ஊரை விட்டு வந்து படிக்கும் மாணவன் ஒவ்வொருவனுக்கும் பெட்டி ஒன்று உண்டு. நம் தாத்தாமார் காலத்தில் கல்கத்தாவுக்கு வந்தவர்கள் தகரப் பெட்டியோடு வந்தார்கள். நாம் மடிக்கணினியோடு வருகிறோம். துணிமணியைவிட மேலான பொருள்கள் எல்லாம் இப்போது அதற்குள்தான் இருக்கின்றன. ஆய்வுக் கணக்குகள், ஆசிரியர் திருத்திய கட்டுரைகள், வீட்டார் படங்கள், நண்பர்களின் கடிதங்கள், இவை எல்லாம் எதன் மேல் எழுதப்பட்டிருக்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? சென்ற குளிர்காலத்தில் எனக்கு அப்படி எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தது. அந்த எண்ணங்களை நம் மலரின் வழியே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் மடிக்கணினி பெரியப்பா மகன் தந்தது. அதற்கு வயது எட்டு. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, கீழே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தால்தான் அது கண் விழிக்கும். அந்தச் சோம்பல் எனக்குப் பழகிவிட்டிருந்தது. ஆனால் தை மாதத்து இரவு ஒன்றில் அதன் வயிற்றிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. கடிகாரம் போலச் சீராக வரவில்லை. தடுமாறித் தடுமாறி வந்தது. உள்ளே இருந்தது 500 ஜிகாபைட் வன்தட்டு. கடைத்தெருவில் ஹார்ட் டிஸ்க் என்பார்களே, அது. அந்தச் சத்தத்துக்குப் பொருள் என்ன என்பது ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அன்றிரவே அறைத்தோழனின் தட்டை இரவல் வாங்கி எல்லாவற்றையும் படி எடுக்கத் தொடங்கினேன். முதலில் எடுத்தது ஆய்வுக் கணக்கு அன்று. எங்கள் ஆச்சி பாடிய தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் நடவுப் பாட்டுகளும் அடங்கிய ஒலிப்பதிவுகளைத்தான் முதலில் எடுத்தேன். கல்லூரி விடுமுறைகளில் கோவில்பட்டிக்குப் போகும்போதெல்லாம் திண்ணையில் உட்கார்த்திப் பாடச் சொல்லிப் பதிந்தவை; மொத்தம் பதினொரு மணி நேரம். ஆச்சி இப்போது இல்லை. விடிவதற்குள் எல்லாம் வந்துவிட்டன. ஆய்வுக்கூடத்தில் எடுத்த இரண்டு படங்கள் மட்டும் வரவில்லை. அவற்றைக் கருவி முன் உட்கார்ந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆச்சியை மறுபடி பாடச் சொல்ல முடியாது.

அடுத்த சனிக்கிழமை சாந்தினி சௌக்குக்குப் போனேன். மெட்ரோவிலிருந்து மேலே ஏறினால் கணேஷ் சந்திர அவென்யூவை ஒட்டிக் கணினிக் கடைகள் தொடங்கிவிடும். கையில் இருந்தது 6,000 ரூபாய். உபகாரச் சம்பளத்தில் தங்கையின் கல்லூரிக் கட்டணம் போக மிஞ்சியது. கடைக்காரர் நடுவயதினர். “தாதா, என் கணினிக்கு எது நல்லது?” என்று கேட்டேன். “வேகம் வேண்டுமா, இடம் வேண்டுமா, தம்பி?” என்று வங்காளியில் திருப்பிக் கேட்டார். வேகம் என்றால் எஸ்.எஸ்.டி.; இடம் என்றால் வன்தட்டு. என் பணத்துக்கு ஒரு டெராபைட் வன்தட்டு வாங்கி மீதியும் வரும். அதே அளவு எஸ்.எஸ்.டி. வாங்கப் பணம் போதாது. “யோசித்துவிட்டு வருகிறேன், தாதா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அறிவியல் படிப்பவன் பொருளின் விலையைக் கேட்பதற்கு முன் அதன் இயல்பைக் கேட்க வேண்டும் அல்லவா? ஆகவே இரண்டின் இயல்பையும் இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

வன்தட்டு என்பது காந்தப் பூச்சுப் பூசிய வட்டத் தகடு. அது சுழல்கிறது. அதன் மேல் ஒரு கை நீண்டிருக்கிறது. கையின் நுனியில் எழுதவும் படிக்கவும் வல்ல தலை ஒன்று இருக்கிறது. கிராமபோனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிராமபோன் ஊசி தட்டைத் தொடும். இந்தத் தலை தொடாது. சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின் மேல் மிதந்து செல்லும். தலைமயிரின் கனம் அந்த உயரத்தைப்போல் பல்லாயிரம் மடங்கு. சுழலும்போது மேசை அதிர்ந்தால் தலை தட்டில் மோதக்கூடும்; மோதினால் எழுத்தோடு தட்டும் கீறிப்போகும்.

இந்தச் சுழலும் காந்தத்துக்கும் நம் கொல்கத்தாவுக்கும் பழைய உறவு உண்டு. மகலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1950களின் நடுவில் ஒரு கணிப்பொறி இங்கிலாந்திலிருந்து வந்தது. எச்.இ.சி.-2எம் என்பது அதன் பெயர். இந்தியாவுக்கு வந்த முதல் எண்முறைக் கணிப்பொறி அதுவே என்பர். அதன் நினைவு முழுவதும் சுழலும் காந்த உருளை ஒன்றில் இருந்தது. அதில் 1024 சொற்கள் கொள்ளும், அவ்வளவுதான். உருளைப் பொறிகளுக்குக் கட்டளை எழுதியவர்கள், அடுத்த கட்டளை தலைக்கு அடியில் வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு அதை உருளையில் உரிய இடத்தில் வைப்பார்கள். 1956இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் உருளையை விட்டுத் தட்டுக்கு வந்தது. இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பதை அடுக்கி, ஏறக்குறைய ஒரு டன் எடையில் அவர்கள் செய்த அலமாரியில் ஐம்பது இலட்சம் எழுத்துகள் அடங்கின. எங்கள் ஆச்சியின் பாட்டுகள் ஏறத்தாழ மூன்றரை ஜிகாபைட். அவற்றை வைக்க அந்த அலமாரிகள் எழுநூறுக்கு மேல் வேண்டும்!

அன்று முதல் இன்று வரை தட்டு சுருங்கியிருக்கிறது, கொள்ளளவு பெருகியிருக்கிறது. ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் இருவரும் 1988இல் கண்ட பெருங்காந்தத்தடை விளைவு, மிக நுண்ணிய காந்தப் புள்ளியையும் படிக்கும் தலையைத் தந்தது. அதற்காக 2007இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று ஒரே வன்தட்டில் 30 டெராபைட்டுக்கு மேலும் வைக்கலாம். ஆனால் சுழற்சி மட்டும் மாறவில்லை. மடிக்கணினித் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும்; அதாவது வினாடிக்கு 90 சுற்று. வேண்டிய இடம் தலைக்கு அடியில் வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். கை நகர்வதற்கும் நேரம் ஆகும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 15 மில்லி வினாடி. கணினி கண் விழிக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்தாயிரம் சிறு துண்டுகளைப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150 வினாடி ஆகிவிடும். என் காலைத் தேநீரின் காரணம் விளங்குகிறது அல்லவா?

இனிச் சில்லுக்கு வருவோம். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. சிலிக்கான் சில்லில் கோடிக்கணக்கான சிற்றறைகள். ஒவ்வோர் அறையிலும் எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பதே எழுதுவது. அறையைச் சுற்றி மின்சாரம் கடத்தாத மெல்லிய சுவர். சுவரில் கதவும் இல்லை, ஓட்டையும் இல்லை. பிறகு எலெக்ட்ரான் எப்படி உள்ளே போகிறது? வலிய மின்புலம் தந்தால் சுவரைத் துளைக்காமலே ஊடுருவிப் போய்விடும். பந்து ஒன்று மதிலை ஏறாமலும் இடிக்காமலும் அந்தப் பக்கம் போவது போன்றது இது. பந்துக்கு இயலாது, எலெக்ட்ரானுக்கு இயலும். வலிய மின்புலத்தில் எலெக்ட்ரான் இவ்வாறு ஊடுருவுவதற்குக் கணக்கு வகுத்தவர்கள் ஃபௌலர், நார்ட்ஹெய்ம் என்ற இருவர். ஆண்டு 1928. அதே ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், சாந்தினியிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள பௌபஜாரில், நம் சி. வி. இராமன் தம் பெயர் தாங்கிய ஒளிச்சிதறலைக் கண்டார். அந்த ஃபௌலரிடமே பின்னர்க் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தவர் நம் சந்திரசேகர். விண்மீனுக்குக் கணக்குப் போட்ட மாணவரின் ஆசிரியர் போட்ட கணக்கு இன்று நம் பைக்குள் இருக்கிறது!

அக்கணக்கைக் கருவியாக்க நெடுங்காலம் ஆயிற்று. எலெக்ட்ரானைச் சிறை வைக்கும் அறையை டேவோன் காங், சைமன் சே இருவரும் பெல் ஆய்வகத்தில் 1967இல் வடிவமைத்தார்கள். தோஷிபாவில் பணிபுரிந்த ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் அதைப் பிளாஷ் நினைவகமாக்கினார். இன்றைய எஸ்.எஸ்.டி. அந்த வழி வந்தது. நகரும் கை இல்லாததால் எந்த அறையையும் ஏறத்தாழ 0.1 மில்லி வினாடியில் எட்டிவிடும். மேலே சொன்ன பத்தாயிரம் துண்டுகளுக்கு ஒரே ஒரு வினாடி! கணினி சோம்பலாக இருக்கிறது என்று புதியது வாங்க நினைப்பவர்கள், முதலில் தட்டை எடுத்துவிட்டுச் சில்லைப் போட்டுப் பாருங்கள். கிழவன் குமரனாவதைக் காண்பீர்கள்.

ஆனால் சில்லுக்கும் குறைகள் உண்டு. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அந்த மெல்லிய சுவர் சிறிது தேய்கிறது. ஆகவே எழுதும் அளவுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த 250 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு 150 டெராபைட் வரை உறுதி தந்திருந்தார்கள். நாள்தோறும் 20 ஜிகாபைட் எழுதினாலும் அதை எட்ட இருபது ஆண்டுகள் ஆகும். மாணவன் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வேறு. சிறையிலிருந்து எலெக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் கசிவு கூடும். எழுதும் வரம்பு முழுவதும் தேய்ந்த எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு எழுத்தைக் காத்தால் போதும் என்பதே ஜெடெக் அமைப்பு வீட்டுக் கணினிகளுக்கு வகுத்த தரம். புதிய சில்லு அதைவிட நெடுநாள் காக்கும். என்றாலும் சித்திரை வெயிலில் பரணில் கிடக்கும் பெட்டியில் அதைப் போட்டுவிட்டு, பேரன் வந்து எடுப்பான் என்று நம்பியிருக்கலாமா?

இரண்டும் சாகும் விதமும் வேறு. வன்தட்டு பெரும்பாலும் முனகிவிட்டுச் சாகிறது. என் தட்டு செய்தது போல. சில்லு பல வேளைகளில் ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விடுகிறது. அழித்த எழுத்தைத் தட்டிலிருந்து மீட்க ஓரளவு வழி உண்டு. சில்லோ, அழித்த இடத்தைத் தானே துப்புரவு செய்து வைத்துக்கொள்வதால், மீட்பது அரிது. மறுபுறம், ஓடும் இரயிலில் மடியில் வைத்து வேலை செய்யச் சில்லுதான் ஏற்றது. ஹௌராவிலிருந்து சென்னை வரை எத்தனை குலுக்கு குலுக்கினாலும் அதற்குக் கவலை இல்லை.

இவ்வளவும் படித்த பிறகும் என் குழப்பம் தீரவில்லை. ஒன்று வேகமாக ஓடுகிறது, நாளடைவில் கசிகிறது. மற்றொன்று நிறையக் கொள்கிறது, அடிபட்டால் உடைகிறது. எதை நம்புவது? அந்த வாரம் அப்பாவோடு தொலைபேசியில் பேசும்போது இதைச் சொன்னேன். எங்கள் அப்பா சிறு மளிகைக் கடை வைத்திருக்கிறார். இப்போது கடையில் கணினி இருந்தாலும், கையால் எழுதிய கணக்கே அவருக்குக் கணக்கு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏன்ப்பா, கடையில சிட்டையும் வச்சிருக்கோம், பேரேடும் வச்சிருக்கோம். ரெண்டுல எது நல்லதுன்னு யாராவது கேப்பாங்களா? சிட்டை கையில கிடக்கணும், பேரேடு பெட்டியில கிடக்கணும்” என்றார்.

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. ஆள் நிற்கும்போது விரைந்து எழுதிப் போடுவது சிட்டை. அது அழுக்காகும், கிழியும், அதனால் கேடில்லை. இரவில் அதிலிருந்து பார்த்துப் பெயர் வாரியாகப் பதிந்து வைப்பது பேரேடு. எடுத்துப் புரட்ட நேரம் ஆகும், அதனாலும் கேடில்லை. எஸ்.எஸ்.டி. சிட்டை, வன்தட்டு பேரேடு. ‘வேகமா, இடமா?’ என்று கடைக்காரர் கேட்டார். ‘வேலைக்கா, காப்புக்கா?’ என்பதே நான் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாக இருந்தது.

அதன் பிறகு கணக்கு எளிதாயிற்று. பழைய தட்டில் இருந்தவற்றைத் தரம் பிரித்தேன். 430 ஜிகாபைட்டில் பாதிக்கு மேல் திரைப்படங்களும் பழைய மென்பொருள்களும். அவை எங்கும் மறுபடி கிடைக்கும். ஆய்வுக்கூடப் படங்கள் 170 ஜிகாபைட். மறுபடி எடுக்கலாம், ஆனால் மாதங்கள் ஆகும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் மறுபடி கிடைக்காதவை ஆச்சியின் பாட்டுகளும் வீட்டுப் படங்களும். அவை எல்லாம் சேர்ந்து 20 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிட்டன. ஒரு டெராபைட் வேண்டும் என்று மயங்கிக்கொண்டிருந்தவனுக்கு உண்மையில் காக்க வேண்டியிருந்தது அவ்வளவுதான். நம்மில் பலருடைய கணக்கும் இப்படித்தான் முடியும் என்று நினைக்கிறேன்.

ஆகவே மடிக்கணினிக்கு 250 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கினேன். மிச்சப் பணத்தோடு அறைத்தோழர் இருவரின் பணத்தையும் சேர்த்து, வெளியிலிருந்து இணைக்கும் வன்தட்டு ஒன்று வாங்கினோம். அதை மூன்றாகப் பங்கிட்டுக்கொண்டோம். ஞாயிறுதோறும் படி எடுத்துவிட்டுத் துறையின் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். விடுதியில் தண்ணீர் புகுந்தாலும், திருட்டுப் போனாலும், அது பிழைக்கும். மறுபடி கிடைக்காத அந்த 20 ஜிகாபைட்டை மட்டும் ஊருக்கும் அனுப்பினேன். அப்பாவின் கடைக் கணினியில் ஒரு படி. தங்கையின் கைப்பேசியில் ஒரு படி. தங்கை சமையல் செய்துகொண்டே ஆச்சியின் பாட்டைக் கேட்கிறாளாம். கேட்கப்படும் படிதான் நல்ல படி. கெட்டுப்போனால் உடனே தெரிந்துவிடும் அன்றோ?

இது புதிய அறிவு என்று நான் சொல்லவில்லை. நம் முன்னோர் ஓலையில் எழுதினார்கள். ஓலைக்கும் ஆயுள் உண்டு. நம் வெப்பத்திலும் செல்லிலும் அது சில நூறு ஆண்டுகள் தாங்கினால் பெரிது. சங்கப் பாட்டுகளோ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. அப்படியானால் அவை பிழைத்தது ஓலையின் வலிமையால் அன்று. தலைமுறைதோறும் யாரோ ஒருவர் எழுத்தாணியை எடுத்துப் புதிய ஓலையில் படி எடுத்ததால் பிழைத்தன. ஓரிடத்தில் அழிந்தது வேறோர் ஊரில் இருந்தது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று பல படிகளைத் தேடி ஒப்பிட்டதால்தான் 1894இல் புறநானூறு அச்சேறியது. படி எடுக்க ஆள் இல்லாமல் போன நூல்களின் பெயர் மட்டும் உரைகளில் கிடக்கிறது.

இதற்குச் சான்று தேடி ஊருக்குப் போக வேண்டியதும் இல்லை. அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தில் பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளையின் தமிழ் நூல்களும் சுவடிகளும் தனித் தொகுப்பாக இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்த பெரியார் அவர். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர் தேடிச் சேர்த்த ஏடுகள் ஹூக்ளிக் கரையில் காக்கப்படுகின்றன. எழுத்து ஒன்று ஒரே ஊரில் இருப்பது நல்லதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நண்பர்களே, நீங்களும் இந்தத் தேர்வுக்கு வருவீர்கள். கணினி ஒன்றே இருந்து, பணமும் ஒன்றுக்கே போதுமானால், உள்ளே சில்லைப் போடுங்கள். நாள்தோறும் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மறுபடி கிடைக்காதவற்றை வேறு ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். படங்களும் அளவீடுகளும் மலைபோலக் குவியும் துறையில் இருந்தால் வன்தட்டும் வாங்குங்கள். அதே பணத்துக்கு அதிக இடம் தருவது இன்றும் அதுதான். எதை வாங்கினாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து படித்துப் பாருங்கள். ஐந்தாறு ஆண்டுகளில் புதியதற்கு மாற்றுங்கள்.

முடிவாக, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாப் படங்கள், பட்டிமன்ற ஒலிப்பதிவுகள், பழைய மலர்களின் மூலப்படிகள், இவை எல்லாம் அந்தந்த ஆண்டுச் செயலாளரின் மடிக்கணினியில் இருக்கின்றன. அவர் பட்டம் பெற்று ஊருக்குப் போகும்போது அவையும் போய்விடுகின்றன. சந்தாப் பணத்தில் வன்தட்டுகள் இரண்டு வாங்குவோம். ஒன்று சங்கத்து அலமாரியில் இருக்கட்டும். மற்றொன்று இவ்வூரிலேயே குடியிருக்கும் தமிழன்பர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். ஆண்டு விழா முடிந்த மறுநாள் படி எடுப்பது செயலாளரின் கடமை என்று விதியில் ஒரு வரி சேர்ப்போம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை முன்மொழிய எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும், யார் வருகிறீர்கள்?